இரவில் இறங்குகிறது

பிப்ரவரி 2

சாவியைத் திருப்பினேன். டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன், செம்மஞ்சளாக மங்கி எரிந்தது. நேற்று மாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய வண்டி. வழியில் எந்தக் கோளாறும் தெரியவில்லை.

கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் எடுத்தேன். கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். விரலை மடக்கிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது கட்டை விரல் போய்விடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அப்பாவுக்கு என் இப்போதைய வயதுகூட இருக்காது. ஏழாவது சுற்றில் பிடித்தது. அப்பா இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் தாமதம். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 3

மறுபடியும். பேட்டரி 11.7 வோல்ட்.

பிப்ரவரி 4

இரவு முழுக்க சார்ஜரில் போட்டு, கழற்றி, மூன்று மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தேன். சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் 13-க்கு மேல் காட்டும், அதை நம்பக் கூடாது. ஆறிய பிறகு வருவதுதான் கணக்கு. 12.6.

ஒரு பழைய நோட்டின் பின் அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: 12.6 முழுசு, 12.4 முக்கால், 12.2 அரை, 12.0 கால். அதற்குக் கீழே கோடு போட்டு, 'விடாதே' என்று எழுதியிருக்கிறார். விட்டால் தகடுகளில் படியும் சல்பேட் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் ஏறாது.

இனி தினமும் காலையில் எழுதிவைக்கிறேன். அக்கா போனில் சொல்லும் அப்பாவின் காய்ச்சல் எண்ணை முதலில், இதை இரண்டாவதாக.

100.4. 12.6.

பிப்ரவரி 5

100.8. 12.5. நேற்று வண்டியை எடுக்கவில்லை.

பிப்ரவரி 6

இன்று முழு நாளும் ஷெட்டில்.

சாவி அணைந்திருக்கும்போது பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். பாடியில் மாட்டியிருக்கும் எர்த் ஒயரைக் கழற்றி, பேட்டரிக்கும் அந்த ஒயருக்கும் நடுவே மீட்டரை வைத்தேன், 10 ஆம்பியர் துளையில். இந்த வண்டியில் எர்த் என்பது பாசிட்டிவ், அந்தக் காலத்து வழக்கம். கம்ப்யூட்டர் உள்ள இப்போதைய கார்கள் தூங்கும்போதுகூட ஏதோ கொஞ்சம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி என்பார்கள். இதில் கம்ப்யூட்டர் கிடையாது. டேஷ்போர்டு கடிகாரம்கூட நின்று பல வருடம் ஆகிறது, நாலே காலில். இந்த வண்டி தூங்கும்போது பூஜ்யம்தான் காட்ட வேண்டும்.

மீட்டரில் 0.42 ஆம்பியர்.

நெஞ்சு படபடத்தது. கிடைத்துவிட்டது! ஃபியூஸ் பெட்டியில் இருப்பதே இரண்டு ஃபியூஸ். இரண்டையும் உருவிப் பார்த்தேன், எண் அசையவில்லை. இந்த வண்டியில் பாதி ஒயர்களுக்கு ஃபியூஸே இல்லை, ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பானெட்டுக்குள் ஆரம்பித்துப் பின்னால் வருவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. கடைசியில் டிக்கி விளக்கு. மூடி அழுத்தும் ஸ்விட்ச் துருப்பிடித்து, மூடினாலும் விளக்கை அணைக்காமல் நின்றுவிட்டது, மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. உறுதி செய்துகொள்ளப் போனை வீடியோவில் வைத்து உள்ளே போட்டு மூடினேன். ஸ்டெப்னி, ஜாக்கி, ஒரு பழைய குடை, எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்தன. குடை அவருடையது.

பல்பைக் கழற்றினேன். மீட்டரில் பூஜ்யம். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "சரிடா, நல்லது" என்றாள். அவளுக்கு வேறு கவலை.

பிப்ரவரி 7

99.6. 12.6. இரண்டுமே நல்ல எண். அப்பா இன்று சாய்ந்து உட்கார்ந்தாராம்.

மாலை வண்டியில் போய்விட்டு வந்தேன். பாதி தூரம் தூங்கினார், மீதி தூரம் ஜன்னலைப் பார்த்தார் என்று எழுதப்போனேன். அது போன மாதம், வண்டியில் கூட்டிப்போனபோது. இன்று கட்டிலில்தான் இருந்தார். எனக்கும் தூக்கம் போதவில்லை.

பிப்ரவரி 8

11.8.

பல்பு என் கையில் இருக்கிறது. இருந்தும் 11.8.

பிப்ரவரி 9

எழுதப் பிடிக்கவில்லை. 101.

பிப்ரவரி 10

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 6-ஆம் தேதியே போட்டிருக்க வேண்டும், சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். டிக்கி பல்பு 5 வாட். அது ஒரு நாளெல்லாம் எரிந்தால் போவது சுமார் 10 ஆம்பியர்-ஹவர். பேட்டரியின் கொள்ளளவு 60. அரைவாசி இறங்கவே மூன்று நாள் ஆகும். எனக்கோ ஒரே ராத்திரியில் கால்வாசிக்கும் கீழே போகிறது. ஆக, டிக்கி விளக்கு குற்றவாளி இல்லை. தப்பு செய்துகொண்டிருந்த வேறு ஒன்று, அவ்வளவுதான். எண் ஒத்துவராதபோது ஒத்துவந்ததாக நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் வண்டியைக் கொடுத்துவிடு என்கிறார்கள். இப்போதா? அவர் இருக்கும் நிலையில், அவர் வண்டியையா? இரவில் போன் வந்தால் நான் கிளம்பியாக வேண்டும், எனக்கு இருப்பது இந்த வண்டி ஒன்றுதான்.

சின்ன வயதில் இரவு அப்பா வரும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எஞ்சின் நிற்கும். கதவு. அப்புறம் பானெட் திறக்கும் சத்தம், உள்ளே இரண்டு தட்டு, பானெட் மூடும். பிறகுதான் வீட்டுக்குள் வருவார். தூங்கு தூங்கு என்று வண்டியைத் தட்டிக்கொடுக்கிறார் என்று நான் அக்காவிடம் சொல்வேன்.

பிப்ரவரி 12

சந்தேகம் பேட்டரி மேலேயே. மூடிகளைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பார்த்தேன். முழு சார்ஜில் 1.265, 1.270 பக்கம் நிற்க வேண்டும். ஐந்து செல் 1.240. நான்காவது 1.140. ரப்பர் குமிழை விட்டதும் மிதவை எழும்பாமல் கண்ணாடிக் குழாயின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஏனோ அதைப் பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கியது.

பேட்டரியின் மேல்பக்கம் ஈரம், தூசி. மீட்டரின் ஒரு முனையை டெர்மினலில் வைத்து, மறு முனையால் பிளாஸ்டிக் மேல் தொட்டாலே ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. அமிலப் படலம் வழியாக மேலேயே கசிகிறது. சோடா உப்புக் கரைசலால் துடைத்தேன், பொங்கி அடங்கியது. ஆனால் நான்காவது செல்லை எதைக் கொண்டு துடைப்பது?

புது பேட்டரி வாங்கிவிட்டேன். பொருத்த வந்த பையன் வழக்கம்போல நெகட்டிவை பாடியில் மாட்டப்போனான். "தம்பி, நில்லு" என்று கையைப் பிடித்துவிட்டேன்.

100.2. 12.7.

பிப்ரவரி 13

100. 12.6. வண்டியை எடுக்கவில்லை.

பிப்ரவரி 14

99.8. 12.6. எடுக்கவில்லை. அக்காவுக்கு மாற்றாக நாளைக்கு நான் தங்க வேண்டும்.

பிப்ரவரி 16

ராத்திரி அங்கே தங்கினேன். அவர் விழித்திருந்த சிறிது நேரத்தில் "வண்டி?" என்றார். நன்றாக ஓடுகிறது, புது பேட்டரி போட்டிருக்கிறேன் என்றேன். ஏதோ சொல்லவந்தார். கையை இரண்டு முறை படுக்கையில் தட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

காலையில் வெளியே வந்து சாவியைத் திருப்பினால், டொக்.

நான்கு நாள் வயதான பேட்டரி. வாகனம் நிறுத்தும் இடத்தில், அத்தனை பேருக்கு நடுவில், கைப்பிடியைச் சுற்றினேன். கேடிலாக் கார்களில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது 1912-இல். கெட்டரிங் என்ற பொறியாளரின் வேலை. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் போய்விட்டது, நான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அழுகை வந்தது. வியர்வையோடு வியர்வையாகத் துடைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 17

எல்லாவற்றையும் திரும்ப அளந்தேன். காலை, குளிர்ந்த எஞ்சின், சாவி கையில், கதவுகள் மூடி. பூஜ்யம். ஹார்ன் ரிலே கழற்றி, மாட்டி. பூஜ்யம். பிரேக் லைட் ஸ்விட்ச். பூஜ்யம். அளந்தால் எதுவும் போகவில்லை. விட்டுவிட்டுத் தூங்கினால் போய்விடுகிறது.

பிப்ரவரி 18, இரவு 2 மணி

கை இன்னும் நடுங்குகிறது. இப்போதே எழுதிவிடுகிறேன்.

தூக்கம் வரவில்லை. போன் அடித்தது மாதிரி இருந்தது, அடிக்கவில்லை. எழுந்து ஷெட்டுக்குப் போனேன், லைட் போடவில்லை. மாலை ஏழு மணிக்கு நிறுத்திய வண்டி. சாவி என் சட்டைப் பையில். டேஷ்போர்டில் ஒரு சிவப்புப் பொட்டு.

சார்ஜ் விளக்கு. மிக மங்கலாக, கங்கு போல. பகலில் இதைப் பார்த்திருக்கவே முடியாது. சாவியே இல்லாமல் அது எரியக் கூடாது.

பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. எஞ்சின் ஹெட், அதுவும் குளிர்ச்சி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைத் தொட்டேன். சூடு. ஏழு மணி நேரமாக நிற்கும் வண்டியில் டைனமோ மட்டும், காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி.

டெர்மினலைக் கழற்றினேன். ஒரு பொறி பறந்தது, பக்கத்தில் எங்கோ டிக் என்று ஒரு சின்னச் சத்தம், சிவப்பு அணைந்தது. திரும்ப மாட்டினேன். வரவில்லை. அளந்தேன், பூஜ்யம்.

ஆக, இத்தனை நாளும் அளப்பதற்காக ஒயரைக் கழற்றிய அந்த நொடியிலேயே அது விட்டுவிட்டிருக்கிறது. அல்லது விடிவதற்குள் தானாகவே விட்டிருக்கிறது.

பிப்ரவரி 18, காலை

கட்-அவுட். ரெகுலேட்டர் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ரிலே, தானாகச் சேர்ந்து பிரியும் ஸ்விட்ச்.

டைனமோ வேகமாகச் சுற்றும்போது அதன் வோல்டேஜ் பேட்டரியைவிட மேலே போகும். அப்போது கட்-அவுட்டின் பாயிண்ட்கள், அதாவது தொடுமுனைகள், சேர்ந்து சார்ஜ் ஏறும். எஞ்சின் நின்றதும் பிரிந்துவிட வேண்டும். பிரியாவிட்டால் கரண்ட் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பி ஓடி, அதையே மோட்டாராக்கிச் சுற்றப் பார்க்கும். பெல்ட் சுற்ற விடாது. போகிற கரண்ட் எல்லாம் சூடாக மாறும். கரண்ட் கொஞ்சம் கூடுதலாகப் போயிருந்தால் ஒயரே பற்றியிருக்கும், அந்த ஷெட்டுக்கு மேல்தான் நான் படுக்கிறேன். பின்னால் வந்த ஆல்டர்னேட்டர் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை, திரும்பி வருவதை டயோடுகளே தடுத்துவிடும்.

இந்த நாட்குறிப்பைப் புரட்டினேன். எடுக்காத நாளெல்லாம் 12.5, 12.6. ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய ராத்திரிகளில்தான் இறங்கியிருக்கிறது. பாயிண்ட் சூட்டில் ஒட்டிக்கொள்கிறது. நானோ விடிந்து, எல்லாம் ஆறிய பிறகு அளந்துகொண்டிருந்தேன்.

பெட்டியின் மூடியைக் கழற்றினேன். மேலே ஒரு மூலையில் கருப்பு தேய்ந்து, உலோகத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். நகக்கண் அளவு இடத்தில் எண்ண முடியாத அளவு. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் விழும் பள்ளம்.

இரண்டு தட்டு.

பிப்ரவரி 19

அவரிடம் சொன்னேன். காதருகே குனிந்து, "அப்பா, கட்-அவுட். ஒட்டிக்குது" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. விரல் அசைந்த மாதிரி இருந்தது. அக்கா, அது எப்போதும் அசைவதுதான் என்கிறாள்.

ஏன் சரிசெய்யாமல் தட்டிக்கொண்டே இருந்தார் என்று கேட்க வேண்டும். கை தெரிந்த மனிதர், அரை மணி நேர வேலை.

101.4. 12.4.

பிப்ரவரி 21

பேட்டரியைக் கழற்றிவைத்துவிட்டு, கட்-அவுட் பாயிண்ட்களுக்கு நடுவே கண்ணாடித் தூள் ஒட்டிய மெல்லிய உப்புத்தாளை ஒரு பட்டையாக வெட்டி நுழைத்து, லேசாக அழுத்தி இழுத்தேன். எமரித் தாள் போடக் கூடாது, பாயிண்ட் மெத்தென்ற உலோகம், துகள் பதிந்துவிடும். ஒரு பாயிண்டில் கடுகு முனையளவு மேடு, எதிர்ப் பாயிண்டில் அதே அளவு குழி. ஒன்றிலிருந்து உருகி மற்றொன்றில் படிந்திருக்கிறது. மேடு போகும்வரை இழுத்து, ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

மாட்டி, எஞ்சினை மெதுவாக வேகம் கூட்டி மீட்டரைப் பார்த்தேன். 13.0-இல் டிக் என்று சேர்ந்தது. 12.7-க்கும் 13.3-க்கும் நடுவே சேர வேண்டும். வேகத்தைக் குறைத்ததும் டிக், பிரிந்தது. பத்து முறை கூட்டிக் குறைத்தேன். பத்து முறையும் பிரிந்தது.

பிப்ரவரி 22

101. 12.6. ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய ராத்திரிக்குப் பிறகு.

பிப்ரவரி 23

101.8. 12.6.

பிப்ரவரி 24

இரண்டாவது எண்ணை இனி எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது. அது சரியாகிவிட்டது.

102.

பிப்ரவரி 26, விடியற்காலை 3.10

அக்கா கூப்பிட்டாள். முதல் திருப்பிலேயே எடுத்தது.

வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே விடவில்லை. அவசரத்தில் நிறுத்திவிட்டு ஓடிவந்தேன். இறங்கும்போது சிவப்பு விளக்கைப் பார்த்தேனா என்று நினைவில்லை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.