தலையில்லா எஃப்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலரின் ஆங்கிலப் பக்கங்களை எந்த எழுத்துருவில் போடுவது என்று ஆசிரியர் குழு கேட்டதும், 'வழமைபோல ரைம்ஸ் நியூ ரோமன்' என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. பள்ளிக்கூட அச்சுக்கூடத்தில் எங்களைப் பழக்கிய மாஸ்ரர் இருந்திருந்தால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கொலம் எத்தனை அங்குலம், தம்பி?" என்று பத்தியின் அகலத்தைத்தான் முதலில் கேட்டிருப்பார். போன மாசியில் அவர் காலமானார். அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது ஆளில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான். இந்த எழுத்து லண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையின் ஒடுங்கிய கொலத்துக்கென்றே பிறந்தது. பத்திரிகையின் அச்சமைப்பு மோசம் என்று 1929இல் அச்செழுத்து நிபுணர் ஸ்ரான்லி மொரிசன் குறைசொல்ல, திருத்தும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. விளம்பரப் பகுதியில் இருந்த விக்ரர் லார்டென்ற் வரைந்தார். மொனோரைப் கம்பனி ஈயத்தில் வார்த்துக் கொடுத்தது. 1932 ஒக்டோபர் 3ஆந் திகதிப் பத்திரிகை புது எழுத்தில் வெளிவந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு யாரும் வாங்கலாம் என்றாயிற்று. 1992இல் விண்டோஸ் 3.1 உடன் வீடுகளுக்குள் வந்து, 2007 வரை வேர்ட் திறந்தவுடன் நிற்கும் எழுத்தாகவும் இருந்தது. அதனால்தான் அதை ஒருவர் வரைந்தார் என்பதே பலருக்கு நினைவில்லை.

சின்ன எழுத்தின் நடு உடம்பை மாஸ்ரர் 'வயிறு' என்பார். ரைம்ஸுக்கு வயிறு பெரிது, வால் கட்டை, அகலம் குறைவு. ஆகவே சின்ன அளவிலும் வாசிக்க முடியும், வரிகளை நெருக்கி அடுக்கவும் முடியும். இடத்துக்குக் காசு கொடுப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் மெல்லிய கோடுகள் மிக மெல்லியவை. கோடுகளின் நுனியில் நிற்கும் சிறு கோடான செரிப்பும் கூர். 'ரைம்ஸ்' நல்ல வெள்ளைத் தாளில் அச்சாகியதால் தாங்கியது. சொரசொரத்த தாளில் அச்சிட்ட மற்றப் பத்திரிகைகள் பெரும்பாலும் இதை எடுக்கவில்லை. புத்தகக்காரர்கள்தான் கொண்டாடினார்கள்.

இப்போது நம் மலருக்கு வருவோம். ஏ4 தாள், ஆறரை அங்குல ஒற்றைக் கொலம், 11 பொயின்ற் அளவு எழுத்து. ஒரு வரியில் ஏறக்குறைய நூறு எழுத்து ஏறிவிடும். வசதியாக வாசிக்க அறுபது, எழுபது போதும். வரி முடிந்து திரும்பும் கண் அடுத்த வரியைத் தவறவிடுகிறது. பிள்ளைகள் வாசிக்கிறார்களில்லை என்று பிறகு குறைப்படுகிறோம். இரண்டு கொலமாகப் பிரியுங்கள். இல்லையென்றால் 11 பொயின்ற் எழுத்துக்கு 14 பொயின்ற் என்று வரி இடைவெளி விடுங்கள். இரண்டு கொலத்தில் வலப்பக்கத்தையும் நேராக்கினால் சொற்களுக்கிடையே ஓட்டை விழும். வரி முடிவில் சொல்லை உடைக்க விடவேண்டும், அல்லது வலது ஓரத்தை அப்படியே விடவேண்டும். தலைப்புக்குத் தடித்த ரைம்ஸ் வேண்டாம். அது மெல்லியதன் சொந்தத் தம்பி மாதிரியே இல்லை, நிமிர்ந்து விறைத்து நிற்கும். மெல்லியதையே பெரிதாக்கிப் போட்டால் அழகு. தமிழ்ப் பக்கத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது: மேலே 'கீ', கீழே 'மூ' என்று இரு பக்கமும் இழுபடும் எழுத்துக்கு இடைவெளி இன்னும் கூட வேண்டும்.

இதெல்லாம் எங்களுக்கு ஈயத்தில் படிந்த பாடம். இடக்கையில் எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக், ஈய எழுத்தின் உடம்பிலுள்ள பள்ளம் மேற்பக்கம், இடமிருந்து வலமாகத் தலைகீழ் வாசிப்பு. சின்ன 'என்' (n) 'யூ'வாகத் (u) தெரியும், 'டி' (d) 'கியூ'வாகத் (q) தெரியும். வரி இறுகியதா என்று பார்க்க மாஸ்ரர் ஸ்டிக்கைச் சாய்ப்பார். விழாமல் நிற்கவும் வேண்டும், விரலால் தூக்கினால் வரவும் வேண்டும். தளர்ந்திருந்தால் மை உருளை எழுத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும்; அளவுக்கு மீறி இறுகினால் கோர்த்துக் கட்டிய பக்கம் நடுவில் புடைக்கும்.

பரிசளிப்பு விழாச் சான்றிதழ் விவகாரம் நம் வகுப்புக்கு மறக்காது. சரிவெழுத்தில் 'எஃப்'பின் (f) தலை வலப்புறமும் வால் இடப்புறமும் ஈயக் கட்டைக்கு வெளியே நீண்டு நிற்கும். அதற்குப் பக்கத்தில் 'ஐ' (i) வந்தால் புள்ளியோடு முட்டும். அதற்காகவே இரண்டும் ஒன்றாய் வார்த்த கட்டை எழுத்துப் பெட்டியின் தனி அறையில் கிடக்கும். 'சேர்ட்டிபிக்கற்' என்ற சொல்லுக்கு நாங்கள் எஃப்பையும் ஐயையும் தனித்தனியே கோர்த்தோம். கையால் எடுத்துப் பார்த்த புரூப்பில் குறையில்லை. இரும்புச் சட்டத்தில் ஆப்பை இறுக்கி, காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சு இயந்திரத்தில் ஏற்றியபின் எங்கோ தலை ஒடிந்துவிட்டது. விழா மேடையில், பிரதம விருந்தினர் கையில், சான்றிதழின் நடுவே ஒரு முண்டம். மாஸ்ரர் ஏசவில்லை. ஒரு பிரதியை அச்சுக்கூடச் சுவரில் குத்தினார். வருடம் முழுக்க அது அங்கேயே இருந்தது. (வேர்டில் எழுத்தை ஒன்றாய் ஒட்டும் லிகேச்சரும் இடையைச் சரிசெய்யும் கேர்னிங்கும் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லாவிட்டால் அதே முட்டல் இங்கேயும்.)

கோர்த்தவனே பிரித்துப் போடவேண்டும் என்பது அச்சுக்கூடச் சட்டம். மண்ணெண்ணெயால் கழுவி, நாலைந்து வரியாகக் கையில் ஏந்தி, ஒவ்வொரு சொல்லாய் வாசித்து, ஒவ்வோர் எழுத்தாய் அதனதன் அறையில். அந்த வருடம் ஆடிக்குப் பிறகு ஒவ்வொருவராக ஊரைவிட்டுக் கிளம்பினோம். விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரலின் நான்கு பக்கமும் நூலால் கட்டியபடி கல்மேசையில் கிடந்தன. மாஸ்ரர்தான் தனியே இருந்து பிரித்திருப்பார், சரிவு எஃப்பை மட்டும் மற்றவற்றோடு உரசாமல் மெல்ல வைத்து.