சேர்ப்பது ஒரு பகல் வேலை

இரண்டு ஈஸ்ட் இனங்களைச் சேர்த்துவைப்பது ஒரு பகல் வேலை. சேர்ந்தது என்னவாக மாறப்போகிறது என்று காத்திருந்து பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒயினுக்கும் சைடருக்கும் கலப்பின ஈஸ்ட் உருவாக்கும் ஆய்வுக்கூடம் என்றதும், மரபணுவை வெட்டி ஒட்டுகிறோம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் மேசையில் நடப்பது பழைய பாணி இனக்கலப்புதான்.

தேவை எங்கிருந்து வருகிறது என்றால், குளிரிலிருந்து. வழக்கமான ஒயின் ஈஸ்டான சக்காரோமைசிஸ் செரிவிசியே ஆல்கஹாலை நன்றாகத் தாங்கும். ஆனால் 12 டிகிரி செல்சியஸில் அது மந்தமாகிவிடும். அதன் உறவான யுவாரம் அந்தக் குளிரிலும் தெம்பாக நொதிக்கும். கிளிசராலைக் கூடுதலாகவும் அசிட்டிக் அமிலத்தைக் குறைவாகவும் தரும். ரோஜா மணம் தரும் ஃபீனைல் எத்தனாலையும் தாராளமாக உண்டாக்கும். ஆப்பிள் சாறு குளிரில் மெதுவாக நொதிக்கும் நிலவறைகளில் அது இயல்பாகவே குடியிருப்பது அதனால்தான். ஆல்கஹால் ஏற ஏறத்தான் அது தள்ளாடும். இரண்டின் நல்ல குணங்களும் ஒரே செல்லில் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்பதுதான் ஆசை.

கலக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வளரத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத செல்களை ஒரு இனத்திலும், அதேபோல் தேவையான யுராசில் என்ற பொருளைத் தயாரிக்க முடியாத செல்களை இன்னொன்றிலும் தேர்ந்தெடுப்பது. இவை இயற்கையாகவே எப்போதாவது தோன்றும் திரிபுகள். அவை மட்டும் பிழைக்கும் தட்டில் வளர்த்தால் அகப்பட்டுவிடும். பிறகு இரண்டையும் கலந்து, லைசினும் யுராசிலும் இல்லாத ஊடகத்தில் பரப்பினால் கலப்பினம் மட்டுமே முளைக்கும். இன்னொரு வழி, நுண்ணோக்கியின் அடியில் கண்ணாடி ஊசியால் ஆளுக்கொரு ஸ்போரை, அதாவது பட்டினியில் ஈஸ்ட் உண்டாக்கும் வித்துச் செல்லை, எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. எனக்குப் பிடித்தது இதுதான், கழுத்து வலித்தாலும். ஒயின் ஈஸ்ட் ஸ்போருக்கு ஒரு பழக்கம் உண்டு: தனியாக விட்டால் முளைத்துப் பிரிந்து, தாய்ச் செல் தன் பால்வகையை மாற்றிக்கொண்டு தன் மகளோடேயே கூடிவிடும். அதற்குள் வேற்றினத் துணையைப் பக்கத்தில் உட்காரவைத்தாக வேண்டும். சில மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது இரண்டு உருண்டைகள் நடுவில் ஒட்டி, அந்த இடுப்பிலிருந்து மூன்றாவதாக ஒரு மொட்டு தள்ளிக்கொண்டிருந்தால் அன்றைய வேலை பலித்தது என்று பொருள்.

அதே ஊசியால் அடுத்து மலட்டுத்தன்மையைச் சோதிப்போம். கலப்பினத்தைப் பட்டினி போட்டால் அதுவும் நான்கு ஸ்போர் கொண்ட பையை உண்டாக்கும். பையின் சுவரை நொதியால் கரைத்து, நான்கையும் பிரித்து, வரிசையாக வைப்போம். மூன்று நாள் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்த்தால் பெற்றோர் வரிசைகளில் சட்டைப் பொத்தான் தைத்த மாதிரி வரிசை பிசகாத கூட்டங்கள். கலப்பின வரிசைகளில் தட்டில் ஊற்றிய வெறும் அகர் ஜெல்லி. நூறில் ஒன்றுகூடத் தேறாது. இரண்டு இனங்களின் மரபணு எழுத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வேறுபடுகிறது. குரோமோசோம்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளப் போகும்போது, செல்லின் பிழைதிருத்தும் அமைப்பே பொருத்தம் சரியில்லை என்று குறுக்கே வந்து தடுத்துவிடுகிறது. உடலளவில் ஊக்கமாக வளரும் செல், சந்ததியில் மலடு. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் இதைக் குறையாகப் பார்க்கிறார்கள். தொழிலுக்கு இது சாதகம் என்றே சொல்வேன். ஸ்போர் வழியாகக் குணம் கலைந்து போகும் கதவு ஒன்று சாத்தியாகிவிட்டது.

ஆனால் மொட்டு விட்டுப் பெருகும்போதே அது மாறிக்கொண்டிருக்கும். இங்கேதான் என் வேலையின் பெரும்பகுதி. ஒரே சேர்க்கையில் பிறந்த கூட்டங்களைத் திராட்சைச் சாற்றில் நொதிக்கவிட்டு, முடிந்ததிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிய சாற்றில் விட்டு, இப்படியே 30 முதல் 50 தலைமுறை வரை ஓட்டி நிலைப்படுத்துவோம். குடுவைகளைத் தினமும் தராசில் வைப்போம். கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால் எடை குறையும். ஒரு கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய அரை கிராம். அலுப்பான வேலைதான், ஆனால் எந்தக் குடுவை மாறத் தொடங்கிவிட்டது என்பதை வேறு எதற்கும் முன்னால் இந்தத் தராசுதான் காட்டிக்கொடுக்கும். பிறகு ஃப்ளோ சைட்டோமீட்டரில் டிஎன்ஏவின் அளவைப் பார்த்தால் ஒன்று சில குரோமோசோம்களை உதிர்த்திருக்கும், இன்னொன்று ஒரு பங்கை, அதாவது ஒரு முழுக் குரோமோசோம் தொகுதியை, கூட்டிக்கொண்டிருக்கும்.

“பாதிக்குப் பாதிதானே, சார்?” என்று ஒயின் தயாரிப்பாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். முதல் நாளில் பாதிக்குப் பாதி என்றேன். விற்பனையில் இருக்கும் வின்7 ஈஸ்டின் மரபணுத்தொகுதி 2012-ல் வெளியானபோது, அதில் இரண்டு பங்கு செரிவிசியே, ஒரு பங்கு குட்ரியாவ்செவி என்ற இன்னொரு உறவினம் என்று தெரிந்தது. சைடரிலிருந்து எடுத்த சிஐடி1 என்ற வகை இன்னும் சுவாரசியமானது. அது செரிவிசியே, யுவாரம் கலப்பு என்று 1998-ல் தெரிந்தது. அதன் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென டிஎன்ஏ கொண்ட உறுப்பு, இரண்டையும் சேர்ந்ததில்லை என்று மறு ஆண்டு தெரியவந்தது. ஜப்பானில் கிடைத்திருந்த ஒரு ஈஸ்டோடு அது பொருந்தியது; பின்னால் குட்ரியாவ்செவி என்று பெயர் பெற்ற இனம் அது. ஐரோப்பாவின் ஓக் மரப்பட்டையில் அந்த இனம் கிடைத்தது அதற்கும் பல ஆண்டு கழித்துத்தான்.

அதனால் மரபணுத்தொகுதியில் ஒரே ஒரு இடத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ரைபோசோம் மரபணுப் பகுதியைப் பிசிஆர் என்ற டிஎன்ஏ நகலெடுக்கும் முறையில் பெருக்கி, நொதியால் வெட்டி, ஜெல்லில் ஓட்டுவது விரைவான சோதனை. புதுக் கலப்பினத்தில் இரண்டு பெற்றோரின் பட்டைகளும் பளிச்சென்று தெரியும். பழையதில் ஒருவருடைய பட்டைகள் மறைந்திருக்கலாம், மற்ற குரோமோசோம்கள் அப்படியே இருக்கும்போதே. ஒவ்வொரு குரோமோசோமின் இரு கரங்களிலும் அடையாளம் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

மைட்டோகாண்ட்ரியாவைப் பலர் கேட்பதே இல்லை. மனிதர்களில் அது தாய்வழி. ஈஸ்டில் தாய் தந்தை என்ற பேச்சே கிடையாது. இரண்டு பேருடையதும் உள்ளே வந்து, சில பத்துத் தலைமுறைக்குள் பொதுவாக ஒன்றுதான் மிஞ்சும். அது யாருடையது என்பது சில்லறை விஷயமில்லை. உட்கருவில் அதே இரு மரபணுத்தொகுதிகள் இருந்தாலும், யுவாரத்தின் மைட்டோகாண்ட்ரியா தங்கிய கலப்பினம் குளிரில் நன்றாக வளரும், செரிவிசியேயினுடையது தங்கியது வெப்பத்தில். சேர்த்த கையோடு எந்த வெப்பநிலையில் வளர்த்தோம் என்பதையும் நான் குறித்துவைப்பது இதற்காகத்தான். குளிருக்கு வேண்டிய ஈஸ்டை 30 டிகிரியில் வளர்த்துத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உறைபெட்டிக்குப் போகும் ஒவ்வொரு குப்பிக்கும் இப்போது நான்கு விவரங்கள் எழுதுகிறோம்: டிஎன்ஏ எத்தனை பங்கு, எந்தக் குரோமோசோம் யாருடையது, மைட்டோகாண்ட்ரியா யாருடையது, எந்தச் சாற்றில் எத்தனை டிகிரியில் நிலைப்படுத்தியது. வெளியே போகும் ஈஸ்ட் பாக்கெட்டில் ‘கலப்பினம்’ என்று மட்டும் அச்சிட்டால் போதும் என்பது விற்பனைப் பிரிவின் கட்சி. அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.