ஜேனி பேசுகிற இங்கிலீஷ்

அமெரிக்க இலக்கியம் பேப்பரில் கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டனின் 'தெய்ர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலை நடத்துவது எனக்குப் பிடித்த வேலை, ஆனால் முதல் வாரம் எப்போதும் பெரும்பாடு. ஆரம்பத்தில் கப்பல், அடிவானம் என்று கவிதை மாதிரி ஓர் இங்கிலீஷ் போகும். கொஞ்சம் தள்ளினால் கதையில் வரும் கறுப்பின ஆட்கள் தங்கள் பேச்சு வழக்கிலேயே பேச ஆரம்பிப்பார்கள், 'ஐ' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ஆ' என்று அச்சாகியிருக்கும், 'தட்' என்பது 'டட்' ஆகியிருக்கும். "பிரிண்டிங் மிஸ்டேக்கா மேம்?" என்று ஒரு பையன் நிஜமாகவே கேட்டான். கைடு வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அதில் கதை சுத்தமான இங்கிலீஷில் இருக்கும், நாவல்தான் இருக்காது.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சத்தம் போட்டு வாசிப்பது. கண்ணுக்குப் பிழையாகத் தெரிவது காதில் விழுந்ததும் யாரோ ஒருவருடைய பேச்சாகிவிடுகிறது. கரிசல் கதைகளை வாசித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஹர்ஸ்டன் வளர்ந்தது ஃப்ளோரிடாவில் ஈட்டன்வில் என்ற ஊரில். கறுப்பின மக்களே 1887-இல் முறைப்படி அமைத்துக்கொண்ட ஊர் அது. பிறகு நியூயார்க்கில் ஃப்ரான்ஸ் போவாஸிடம் மானிடவியல் படித்துவிட்டு, அதே ஊருக்குத் திரும்பி வந்து கடைத் திண்ணையில் பேசப்படும் கதைகளைச் சேகரித்தார். அந்தத் திண்ணைதான் 1937-இல் வந்த இந்த நாவலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதே வருடம் இன்னொரு கறுப்பின எழுத்தாளரான ரிச்சர்ட் ரைட், இது வெள்ளைக்காரர்களைச் சிரிக்க வைக்கும் பழைய கூத்து என்று போட்டுத் தாக்கினார். அவர் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன், இந்த மாதிரி எழுத்துக்கூட்டலை வைத்து கறுப்பர்களைக் கோமாளிகளாக்கிய புத்தகங்கள் ஏராளம். ஆனால் அவற்றில் கதைசொல்லி மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவர்களைப் பேச விடுவார். இங்கே கதைசொல்லியே இறங்கி வந்துவிடுகிறார். அதை வகுப்பில் காட்டத்தான் நேரம் பிடிக்கும்.

நாவலின் நாயகி, பதினாறு வயது ஜேனி, பாட்டி வீட்டுக் கொல்லையில் பூத்த பேரிக்காய் மரத்தடியில் படுத்துக்கொண்டு, தேனீ பூவுக்குள் இறங்குவதைப் பார்க்கிறாள். கல்யாணம் என்றால் இதுதான் என்று அவளாகவே முடிவு செய்துகொள்கிறாள். அடிமையாகப் பிறந்த பாட்டிக்கோ வேறொரு படம்தான் தெரியும்: கறுப்பினப் பெண் இந்த உலகத்தின் கோவேறு கழுதை. பேத்திக்கு அந்தக் கதி வேண்டாமென்று அறுபது ஏக்கர் வைத்திருக்கும் லோகன் கிலிக்ஸுக்குக் கட்டி வைக்கிறாள். கொஞ்ச நாளில் அவன் இரண்டாவதாக ஒரு கோவேறு கழுதை வாங்கக் கிளம்புகிறான், எதற்கு? பொம்பளை கூட ஓட்டும்படி சாதுவான கழுதையாம், ஜேனி ஏர் ஓட்டுவதற்கு. இந்த இடத்தை வாசித்ததும் வகுப்பில் ஓர் 'அய்யோ' கேட்கும். நாவல் எதையும் விளக்குவதில்லை, கழுதை வாங்கப் போகிறான் என்று மட்டும் சொல்கிறது.

அடுத்த கணவன் ஜோடி ஊருக்கு மேயர் ஆகிறான். மேடையில் மனைவியைப் பேசச் சொன்னால், அவளுக்கு அதெல்லாம் தெரியாது என்று அவனே பதில் சொல்கிறான், பிறகு தலைமுடியையும் துணி கட்டி மறைக்கச் சொல்கிறான். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, சோறு சரியில்லை என்று அறைகிறான். அப்போது ஜேனிக்குள் ஏதோ பரணிலிருந்து விழுகிறது, அது என்னவென்று அவள் உள்ளே போய்ப் பார்க்கிறாள்: ஜோடியைப் பற்றி அவள் வைத்திருந்த பிம்பம், உடைந்து கிடக்கிறது. அவனுக்காக இனி மலரப்போவதில்லை என்று பேரிக்காய்ப் பூவும் அங்கே திரும்ப வருகிறது. இந்தப் பக்கங்களில் கதைசொல்லியின் வாக்கியம் எங்கே முடிகிறது, ஜேனியின் நினைப்பு எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொல்வேன். பாதிப் பேர் கோட்டை அழித்து அழித்துப் போடுவார்கள். அவள் வளர வளர அவள் பேச்சு கதைசொல்லியின் இங்கிலீஷுக்குள் ஏறிக்கொண்டே வருகிறது, எனக்கு இந்த நாவலின் வளர்ச்சிக் கதை என்பதே அதுதான்.

அப்புறம் கோர்ட். மூன்றாவது கணவன் டீ கேக் ஜேனி சுட்டு இறந்தபின் அவள் சாட்சிக் கூண்டில் பேசுகிறாள், ஆனால் அவள் வாயால் வரவேண்டிய அந்தப் பேச்சை நாவல் சுருக்கிச் சொல்லிவிட்டுப் போகிறது. 1979-இல் ஒரு மாநாட்டில் விமர்சகர் ராபர்ட் ஸ்டெப்டோ இதைக் குறையாகச் சொன்னபோது, எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் எழுந்து, ஆண்கள் நினைக்கிற நேரத்தில் பெண்கள் பேசியாக வேண்டுமென்று இல்லை என்று வாதிட்டார். என் வகுப்பும் வருடா வருடம் இதில் இரண்டாகப் பிரியும். நான் வாக்கர் பக்கம்: கோர்ட்டில் இருப்பவர்கள் அந்நியர்கள், தோழி ஃபீபியிடம் அவள் சொல்வதுதான் மொத்தக் கதையும். போன முறை பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி விடவில்லை. "சரி மேம், ஃபீபிகிட்ட சொல்ற கதைன்னா, அதையும் ஏன் 'நான்'னு எழுதாம 'அவள்'னு எழுதியிருக்காங்க?" என்றாள். அதை அப்படியே இன்டர்னலில் பத்து மார்க் கேள்வியாகப் போட்டேன்.