கிரைண்டருக்கு ஒட்டிய தங்க ரேக்கு

திருவாரூர் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். முசுகுந்தச் சக்கரவர்த்தி தியாகராஜரைத் தேவலோகத்திலிருந்து ஆரூருக்குக் கொண்டுவந்த கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. காட்சிகளுக்குத் தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். முசுகுந்தனுக்குக் குரங்கு முகம். கயிலாயத்தில் வில்வ இலைகளைப் பறித்துச் சிவன்மேல் போட்ட குரங்கு அரசனாகப் பிறந்தபோது, பழசை மறக்காதிருக்க அந்த முகமே வேண்டுமென்று கேட்டு வாங்கியதாம். நகையும் கிரீடமுமாகக் குரங்கு முக ராஜாவைப் பார்க்கையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வரைந்த சிங்காதனம் என்ற ஓவியர் தன் பெயரையும் அங்கே எழுதிவைத்திருக்கிறார்.

ஓவியத்தில் பெண்களும் நிறைய, ஆட்டமும் ஊர்வலமுமாக. இதே விதானத்தை ஒரு பெண் வரைந்திருந்தால் எதைப் பார்த்துச் சிரித்திருப்பாள்? நீடாமங்கலம் வழியாகத் தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் முழுக்க இதே நினைப்பு.

தஞ்சாவூரில் தெரிந்தவர் மூலம் தஞ்சாவூர்ப் படம் செய்யும் ஒரு ஓவியப் பட்டறைக்குப் போனேன். பலகையில் துணி ஒட்டுவது, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடு எழுப்புவது, கல் பதிப்பது, ரேக்கு என்கிற மெல்லிய தங்கத் தாளை ஒட்டுவது என்று உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்குமேல் பெண்கள். முகம் எழுதிக் கண் திறப்பது மட்டும் மாஸ்டர். விற்கும்போது படத்தின் பின்னால் ஒட்டுவது கடையின் பெயர். எனக்கு இது பொறுக்கவில்லை. இருபது வருஷம் கல் பதித்த கைக்கு ஒரு பெயர் கூடவா கிடையாது?

கல் பதித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "எங்க வீட்டுக்கு வா, நான் போட்ட படம் ஒண்ணு இருக்கு" என்றார். மாரியம்மன் கோயில் பக்கம் ஓட்டு வீடு. பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒன்றரை அடிப் பலகையை எடுத்தார்.

நவநீத கிருஷ்ணன் படத்தின் அதே அமைப்பு. தூண், வளைவு, இருபுறமும் ஒதுக்கிய திரை, நடுவில் திண்டு. திண்டில் கிருஷ்ணன் இல்லை. கைலி கட்டிய ஓர் ஆள், மடியில் பேப்பர், கையில் காபி டம்ளர், கிருஷ்ணனுக்கே உரிய அதே உப்பிய கன்னம். தஞ்சாவூர்ப் படத்தில் சாமி பெரிசு, பக்கத்தில் நிற்பவர்கள் சின்னது. அந்த இலக்கணம் துளி பிசகாமல், மூலையில் விரல் அளவுக்கு ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் வெட் கிரைண்டர். படம் முழுக்கத் தங்கமும் சிவப்புக் கல்லும் அந்த கிரைண்டரில்தான். திண்டுக்காரருக்கு ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது.

"எங்க வீட்டுல அவங்கதானே பெரிசு, அதான் பெரிசா போட்டேன். ஆனா சாயங்காலம் மாவு வித்துச் சோறு போடுறது அது. ரேக்குக் காசைக் கூலியில புடிச்சுக்கச் சொன்னேன்."

சிரித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது. ஓவியர் கங்கா தேவி நினைவுக்கு வந்தார். பீகாரின் மிதிலையில் கல்யாண அறைச் சுவரில் வரையும் மரபில் வளர்ந்தவர், 1984இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அமெரிக்கா போனபோது ஏறிய ரோலர் கோஸ்டரை அந்த மரபுக் கோட்டிலேயே வரைந்தார். புற்றுநோய் வந்தபோது ஆஸ்பத்திரியையும் வரைந்தார். அதே மிதிலையில் வீட்டுவேலை செய்து பிழைத்த துலாரி தேவிக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சாமிக்கென்று கற்ற கோடு இவர்கள் கையில் கண்ணெதிரே இருக்கும் வாழ்க்கைக்குத் திரும்பியது. அக்காவின் பலகையும் அந்த வரிசையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இவர்களைப் பற்றிச் சொன்னேன். அக்கா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் இதைப் பாத்தாரா?" என்றேன்.

"பாத்தாங்களே. தொப்பையைக் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்னாங்க."

திருவாரூரில் படங்களோடு எழுத்தும் இருப்பதைச் சொன்னதும் எழுந்துபோய் மெல்லிய பிரஷ்ஷை எடுத்துவந்தார். திண்டுக்காரருக்குக் கீழே 'அவங்க' என்று எழுதினார். கிரைண்டருக்குக் கீழே '2 லிட்டர்'. மூலையிலிருந்த சின்ன உருவத்துக்குக் கீழே வெகுநேரம் பிரஷ்ஷை வைக்காமல் இருந்துவிட்டு, தன் பெயரை எழுதினார். இனிஷியல் போடவில்லை.

நான் பலகையைக் கையில் வாங்கப்போனேன்.

"இரும்மா, காயட்டும்."