எத்தனை ஆந்தை சித்தி?

ஆறு மாசமா ரெண்டே ரெண்டு வரியில மாட்டிக்கிட்டு நிக்கிறேன். என் வேலை ஜாப்பனீஸ் மேனுவலை மொழிபெயர்க்கிறது, "மூடியைத் திறப்பதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்" வகையறா, அதுல ஒருநாளும் இப்படி மாட்டினதில்ல. இது அய்னு பாட்டு.

ஜப்பானோட வடக்குக் கோடியில ஹொக்காய்டோ தீவு, அங்க காலங்காலமா இருந்தவங்க அய்னு. மெய்ஜி காலத்து ஜப்பான் அரசாங்கம் தீவை எடுத்துக்கிட்ட பிறகு நிலம் போச்சு, மான் வேட்டை போச்சு, ஆத்துல சால்மன் பிடிக்கிற உரிமை போச்சு, பள்ளிக்கூடத்துல ஜாப்பனீஸ்தான்னு ஆச்சு. 1899ல வந்த சட்டத்துக்குப் பேரு என்னமோ பாதுகாப்புச் சட்டம்! அது 1997 வரைக்கும் அமல்ல இருந்துச்சு. யுனெஸ்கோ லிஸ்ட்ல அய்னு மொழி இருக்கிற படிக்கு அடுத்த படி 'அழிந்தது'தான்.

என்னை மாட்டிவிட்டது ஒரு பத்தொம்பது வயசுப் பொண்ணு, சிரி யுகியே. 1903ல நோபொரிபெட்சுல பிறந்து, அசாஹிகாவா பக்கம் பெரியம்மா கன்னாரி மட்சு வீட்டுல பாட்டியோட வளர்ந்தவ. அந்தப் பாட்டி யுகர் பாடுறதுல பெரிய கை, யுகர்னா விடிய விடிய பாடுற கதைப்பாட்டு. வீட்டுல அய்னு, பள்ளிக்கூடத்துல ஜாப்பனீஸ், ரெண்டுலயும் அவளுக்குப் பேச்சு சரளம். 1918ல கிந்தாய்ச்சி கியோசுகேன்னு ஒரு மொழியியல் அறிஞர் அந்த வீட்டுக்கு வந்து, இதெல்லாம் பெரிய சொத்துமான்னு சொல்லப்போக, இவ பாட்டி வாயில கேட்டதையெல்லாம் நோட்டுல எழுத ஆரம்பிச்சா. 1922 மே மாசம் டோக்கியோவுக்குப் போயி அவர் வீட்டுலயே தங்கி வேலை செஞ்சா, ஏற்கனவே இதயம் பலவீனம், செப்டம்பர் 18 அன்னிக்கு கையெழுத்துப் பிரதியை முடிச்சா, அன்னிக்கு ராத்திரியே போயிட்டா. அடுத்த வருஷம் புத்தகம் வந்துச்சு. பதிமூணு பாட்டு. இந்தப் பக்கம் ரோமன் எழுத்துல அய்னு, எதிர்ப் பக்கம் ஜாப்பனீஸ். இப்போ காப்பிரைட் முடிஞ்சு நெட்ல ஓசியிலயே கிடைக்குது.

1978ல இதை இவானமிங்கிற பதிப்பகம் பாக்கெட் சைஸ்ல போட்டாங்க. அவங்க புத்தகத்துக்கெல்லாம் கலர் கணக்கு உண்டு, நவீன ஜாப்பனீஸ் இலக்கியம்னா பச்சை, பழைய இலக்கியம்னா மஞ்சள், வெளிநாட்டு இலக்கியம்னா சிவப்பு. யுகியேவுக்கு எது? சிவப்பு. ஜப்பானுக்குள்ள பிறந்து ஜப்பான் தலைநகர்ல செத்த பொண்ணோட புத்தகம் வெளிநாட்டு அலமாரியில. இது அவமானமா, இல்ல 'நாங்க உங்க ஆளு இல்ல'ங்கிறதை ஒத்துக்கிட்ட மரியாதையான்னு இன்னும் எனக்குப் புரியல, ரெண்டுந்தான்னு நினைக்கிறேன்.

சரி பாட்டுக்கு வரேன். முதல் பாட்டு ஆந்தை சாமி தானே பாடுறது. இந்த வகைப் பாட்டுல எல்லாம் மிருகம், பறவை, தெய்வம்தான் கதையைச் சொல்லும், மனுஷன் இல்ல. "சிரோகனிபே ரன்ரன் பிஷ்கன், கொங்கனிபே ரன்ரன் பிஷ்கன்." வெள்ளித் துளி இறங்குது இறங்குது சுத்திலும், தங்கத் துளி இறங்குது இறங்குது சுத்திலும். அர்த்தம் இவ்வளவுதான். ஆனா 'ரன்ரன்'ல துளி தரையில படுற சத்தமே இல்ல கவனிச்சீங்களா, மெதுவா மிதந்து வருது. நான் முதல்ல "சொட்டச் சொட்ட"ன்னு எழுதினேன், பாத்ரூம் குழாய் லீக் ஆகுற மாதிரி இருந்துச்சு. "உதிர உதிர"ன்னா முருங்கைப்பூ. "பொழியப் பொழிய"ன்னா அடைமழை. இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.

இதுல ஒரு ஆச்சரியம். ஜாப்பனீஸ் எழுத்துல அய்னுவை எழுதுறது கஷ்டம், மெய்யெழுத்துல முடியிற சொல்லு அய்னுல நிறைய, அதுக்குன்னே பின்னாடி குட்டிக் குட்டியா தனி எழுத்து செய்ய வேண்டியதாப் போச்சு. நம்மகிட்ட? ஒரு புள்ளி வச்சா முடிஞ்சது, யுகர், கமுய் (அப்படின்னா சாமி), அவ்வளவுதான். அதுவும் போக, அய்னுல க-வும் அதோட கனத்த சத்தமும் வேற வேற எழுத்து கிடையாது, ரெண்டு உயிருக்கு நடுவுலயோ மெல்லினத்துக்குப் பின்னாடியோ வந்தா தானா கனக்கும். ப-வும் அப்படித்தான். 'பங்கு'ல வர்ற கு மாதிரி. "தமிழ்ல ஏன் நாலு க இல்ல"ன்னு ஆபீஸ்ல என்னை ஓட்டுற ஹிந்திக்கார நண்பருக்கு இதைக் கண்டிப்பா சொல்லணும். (அந்த ஆந்தை சாமிக்கு அய்னுல பேரு 'கோட்டன் கோர் கமுய்', ஊரைக் காக்கிற தெய்வம். கோட்டன்னா ஊரு. நம்ம கோட்டான் தற்செயல்தான், உடனே லெமூரியான்னு கிளம்பிடாதீங்க.)

கதை இதுதான். ஆந்தை பாடிக்கிட்டே ஆத்தோட இறங்கி வருது, கீழ பார்த்தா முன்னாடி ஏழையா இருந்தவன் இப்போ பணக்காரன், முன்னாடி பணக்காரனா இருந்தவன் இப்போ ஏழை. கடற்கரையில பசங்க விளையாட்டு வில்லு வச்சு விளையாடுறாங்க. பணக்காரப் பசங்க தங்க அம்பு விடுறாங்க, ஆந்தை அதுக்கெல்லாம் போக்குக் காட்டிட்டு, வெறும் மர அம்பு வச்சிருக்கிற ஏழைப் பையனோட அம்பை மட்டும் கையை நீட்டி வாங்கிக்குது. செத்துப்போறது இல்ல அது, விருந்தாளியா அவன் வீட்டுக்குப் போறது. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு "என் உடம்போட ரெண்டு காதுக்கும் நடுவுல உக்காந்திருந்தேன்"னு சொல்லுது பாருங்க, அங்க எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அப்புறம் எழுந்து பாடிக்கிட்டே பறந்து அந்தக் குடிசை முழுக்கப் பொக்கிஷமா நிரப்புது.

ஜாப்பனீஸ் பக்கத்துல ஆந்தை 'நான்'னுதான் பேசுது. நானும் நான் நான்னு எழுதிட்டேன். ஒருநாள் சும்மா அகராதியை வச்சுக்கிட்டு அய்னு பக்கத்தைச் சொல்லு சொல்லா நோண்டினா, "இறங்கிப் போனேன்" இருக்க வேண்டிய இடத்துல 'சபஷ்'னு இருக்கு (சபாஷ் இல்ல). அந்தக் கடைசி 'அஷ்' ஒருமையே இல்ல, பன்மை. அதுவும் 'நாம' இல்ல, 'நாங்க', கேக்கிறவனைச் சேர்க்காத நாங்க. அய்னுல நாம வேற, நாங்க வேற, நம்மள மாதிரியே! ஜாப்பனீஸ்ல அந்தப் பிரிவு கிடையாது, அதனால யுகியே பாவம் 'நான்'னு போட்டுட்டுப் போயிட்டா. அவளுக்குத் தெரியாம இல்ல, எதிர்ப் பக்கத்து மொழியில அதுக்கு இடம் இல்ல. எனக்கு இருக்கே.

அன்னிக்கு ராத்திரியே எல்லா நானையும் தூக்கிட்டு "பாடிக்கிட்டே ஆத்தோட இறங்கிப் போனோம்"னு மாத்தினேன். மறுநாள் அக்கா பையன் வந்தான், நாலாங்கிளாஸ், அவன்கிட்ட படிச்சுக் காட்டினேன்.

"எத்தனை ஆந்தை சித்தி?"

"ஒண்ணுதான்டா."

"அப்புறம் ஏன் போனோம்னு சொல்லுது? கூட யாரு?"

"யாரும் இல்லடா, அது சாமி. அந்த ஊர்ல சாமி கதை சொன்னா அப்படித்தான் பேசும்."

கொஞ்ச நேரம் யோசிச்சான். "ஓ, நம்ம கேலண்டர் முருகன் மாதிரி."

திரும்பிப் பார்த்தா ஃபிரிட்ஜ் பக்கத்துல மாட்டியிருக்கிற மளிகைக்கடை கேலண்டர், வேலும் மயிலும், கீழ "யாமிருக்க பயமேன்". பழந்தமிழ்ல யாம்னா நாங்கதான், கேக்கிறவனைச் சேர்க்காதது, நாம்னா சேர்த்தது. ஒத்தை முருகன், யாம். ஒத்தை ஆந்தை, அஷ். இலக்கணம் அச்சு அசலாப் பொருந்துது.

சந்தோஷத்துல முழுப் பாட்டையும் 'யாம்' போட்டு மாத்தினேன், "யாம் இறங்கிச் சென்றோம், யாம் கண்டோம்"னு. படிச்சா புராணப் படம். ஆந்தை தலையில கிரீடம் வச்சுக்கிட்டு, பின்னாடி தட்டுல புகை விட்டு, தொண்டையை இறுக்கிப் பேசுற மாதிரி ஆயிடுச்சு. பாட்டி அடுப்புப் பக்கம் உக்காந்து பேத்திக்குப் பாடின பாட்டு அது! இலக்கணம் ஜெயிச்சுது, பாட்டி காணாமப் போயிட்டாங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.

இப்போதைக்கு டிராஃப்ட்ல முதல் வரியில மட்டும் ஒரே ஒரு 'யாம்' இருக்கு, அதுக்கப்புறம் பேரு சொல்லாம போனோம், பார்த்தோம், உக்காந்திருந்தோம். மேல கொட்டை எழுத்துல "ஜாப்பனீஸ் வழியாக"ன்னு போட்டிருக்கேன், அகராதியில நோண்டினதை வச்சுக்கிட்டு அய்னுல இருந்து நேரா மொழிபெயர்த்தேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அக்கா பையனுக்கு ஆந்தை போரடிச்சிடுச்சு, தவளைப் பாட்டு வேணுமாம். அது "தோரோரோ ஹன்ரோக் ஹன்ரோக்"னு ஆரம்பிக்குது, யுகியேவே அதை மொழிபெயர்க்காம அப்படியேதான் விட்டிருக்கா. அவன் சோபா மேல ஏறிக் குதிச்சுக்கிட்டு அதையே கத்திக்கிட்டிருக்கான், கீழ் வீட்டு ஆன்ட்டி ரெண்டு தடவை பெல் அடிச்சாச்சு.