ஆடிப்பட்டம் மாடியில: எந்த விதை மழைக்கு முன்னாடி, எது மழையைத் தாங்கும்

ஆடி பொறந்தா போதும், வாட்ஸ்அப் குரூப் முழுக்க விதை பாக்கெட் போட்டோதான். கையில இருக்கிற எல்லா விதையையும் ஒரே நாள்ல ஊனிட்டு, ஐப்பசி மழையில பாதி அழுகிப்போச்சுன்னு பொலம்புறவங்களையும் வருஷா வருஷம் பாக்குறோம். சென்னை மாதிரி கடலோர ஊர்ல மாடித்தோட்டம் வச்சிருந்தா கணக்கு சிம்பிள்தாங்க. ஆடி ஜூலை நடுவுல வருது, வடகிழக்கு மழை அக்டோபர் பாதிக்கு மேல பிடிக்கும். நடுவுல ஏறக்குறைய 3 மாசம். இந்த 3 மாசத்துக்குள்ள காய்ச்சு முடிக்கிறது எது, மழையிலயும் நின்னு பிடிக்கிறது எதுன்னு விதையை ரெண்டா பிரிச்சிக்கோங்க.

முதல் கூட்டத்துல வெண்டைக்குத்தான் முதல் இடம். ராத்திரி ஊறவச்சு காலையில நேரா பையிலயே ஊனிடலாம், நாத்து விடவே வேணாம், 40 - 45 நாள்ல பூ வந்துரும், மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள நல்லாவே பறிச்சிடலாம். கொத்தவரை, காராமணியும் இதே ரகம்தான். சிறுகீரை, தண்டங்கீரையெல்லாம் 25 - 30 நாள்ல வந்துடும், அதுக்கு பட்டமே பாக்க வேண்டாம், கொட்டுற மழை நேரம் மட்டும் விட்டுடுங்க, விதையை அடிச்சிட்டு போயிரும்.

தக்காளிதான் ஏமாத்தும். ஆடியில நாத்து விட்டா சரியா பழம் பழுக்குற நேரத்துல மழை வந்து நிக்கும், பூ கொட்டும், பழம் வெடிக்கும், இலையில புள்ளி விழும். நான் தக்காளிக்கு கார்த்திகை வரைக்கும் காத்திருப்பேன், தை மாசிக்கு கொத்து கொத்தா வரும்.

கத்தரி தாங்கும். கொடி அவரை தாங்குறது மட்டுமில்ல, அதுக்கு ஆடியை விட்டா வேற வழியே இல்ல. நாட்டு ரகங்கள் பகல் குறைஞ்சு ராத்திரி நீண்டாதான் பூக்கும், தையில விதைச்சா கொடி மட்டும் பந்தல் முழுக்க ஓடும், பூ பாக்க முடியாது. புரட்டாசி வரைக்கும் பூ இல்லையேன்னு எங்க மாமியார்கிட்ட கேட்டா "பனி விழட்டும், அது தானா பூக்கும்"னுதான் பதில் வரும். செடி அவரைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

இப்ப சுரை, பாகல் மாதிரி பந்தல் காய்க்கு வருவோம், எல்லாரும் கேக்குற கேள்வி இதுலதான், "பிஞ்சு விடுது, மஞ்சளாகி விழுந்துடுது, என்ன உரம் போடணும்?" பாதி நேரம் உரமே காரணம் இல்லங்க, மகரந்தம் சேரல. மாடியில தேனீ நடமாட்டம் கம்மி. பொண் பூவுக்கு அடியில குட்டியா காய் மாதிரியே இருக்கும், ஆண் பூ வெறும் காம்புல நிக்கும். முதல்ல ஆண் பூவாவே பூத்துத் தள்ளும், பயப்பட வேணாம். ஆண் பூவைப் பறிச்சு இதழைக் கிழிச்சிட்டு, நடுவுல இருக்கிற மஞ்சப்பொடியை பொண் பூவோட நடுவுல மெதுவா தடவணும், அவ்ளோதான். நேரம் முக்கியம். பாகல், பூசணி காலையில விரியும். சுரை, பீர்க்கு, புடலை சாயங்காலத்துக்கு மேலதான், அதனால காலையில போய் சுரைப்பூவைத் தேய்ச்சிட்டு இருந்தா வேலைக்கு ஆகாது, டீ குடிச்சிட்டு இருட்டுற நேரத்துல மாடிக்குப் போங்க.

மண் கலவைக்கு பெருசா யோசிக்காதீங்க, செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மக்குன எரு மூணும் சம அளவு, பைக்கு ரெண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்டை மட்டும் ரெண்டு மூணு தடவை நல்லா அலசிட்டு போடுங்க, உப்பு இருக்கும். மாட்டுச் சாணத்தை பச்சையா போட்டா வேர் வெந்துரும், நல்லா மக்கினதா இருக்கணும். கத்தரி, மிளகாய்க்கு 12 இன்ச் உயரப் பை போதும், பந்தல் கொடிக்கு 15 இன்ச்சாவது வேணும்.

புரட்டாசி கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமையை இதுக்குன்னு ஒதுக்குங்க. பைக்கு அடியில ஓட்டை அடைச்சிருக்கான்னு குச்சி விட்டுப் பாருங்க, தரையில நேரா வச்சிருந்தா செங்கல் மேல தூக்கி வைங்க, மாடி தண்ணிக் குழாய் வாய்ல இலை, வேர் அடைக்காம பாத்துக்கோங்க, இல்லன்னா கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துருவாங்க. உயரமா வளந்த கத்தரியை கவாத்து பண்ணி, அதாவது கிளையை வெட்டிவிட்டு, குச்சி நட்டுக் கட்டிடணும். அடைமழை நாள்ல உரம் போடுறது தண்டம், எல்லாம் ஓட்டை வழியா ஓடிடும். மழை விட்டு ரெண்டு நாள் வெயில் அடிச்சதும் மேல் மண்ணைக் கிளறி ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்க, அசுவினி (சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி) தெரிஞ்சா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலமா அடிங்க, இலைக்கு அடிப்பக்கமும் படணும், அங்கதான் உக்காந்திருக்கும்.