பழைய பெல்ட் லேத்துக்கு ஸ்பீடு கணக்கு போட்ட கதை

மாமா பட்டறையை மூடியபோது வீட்டுக்கு வந்த லேத் இது. நாலரை அடி பெட், பட்டையான பிளாட் பெல்ட், வேகத்தை மாற்ற மூணு படி கோன் புல்லி, இன்னும் குறைக்க பேக் கியர். ஸ்பீடு சார்ட் ஒட்டியிருந்த இடத்தில் இப்போது நாலு ஸ்க்ரூ ஓட்டைதான் இருக்கிறது. மோட்டார் நேம் பிளேட்டின் மேல் யாரோ பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

ஸ்பீடு தெரியாமலே ரெண்டு மாதம் ஓட்டினேன். போன வாரம் 40 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடைப் பிடித்து, பெல்ட் எந்தப் படியில் கிடக்கிறதென்று பார்க்காமல் கட் கொடுத்துவிட்டேன். சுருள் நீலமாக வந்தது. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலின் முனையும் நீலமாகிவிட்டது. அன்றைக்குத்தான் நோட்டை எடுத்தேன்.

முதலில் மோட்டார். சுற்று எண்ணும் டேக்கோமீட்டருக்கான வெள்ளி ஸ்டிக்கரை ஷாஃப்டில் ஒட்டிப் பார்த்தால் நிமிஷத்துக்கு 6000 சுற்று என்கிறது. இந்தச் சத்தத்துக்கு 6000 இருக்கவே முடியாது. மோட்டாரை நிறுத்தினேன், அப்போதும் 6000! மேலே இருந்த எல்.இ.டி. பல்புதான் காரணம். 50 ஹெர்ட்ஸ் கரன்டில் அது விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது, அதை மீட்டர் சுற்று என்று எண்ணிவிட்டது. பல்பை அணைத்ததும் 1478. அப்படியானால் 4 போல் (நாலு காந்த முனை) மோட்டார். லோடு ஏறினால் 1440 பக்கம் இறங்கும்.

அடுத்து புல்லிகள். மோட்டாரில் 76 மி.மீ., அது வி பெல்ட்டால் சுற்றும் இடைத்தண்டான கவுண்டர் ஷாஃப்டில் 305. 1478-ஐ 76-ஆல் பெருக்கி 305-ஆல் வகுத்தால் 368 வரவேண்டும். மீட்டர் 342 காட்டியது. பெல்ட் வழுக்குகிறது என்று நினைத்து டைட் செய்தேன். அதே 342. இன்னும் டைட் செய்தேன். மோட்டார் முனகியதுதான் மிச்சம்.

பக்கத்துத் தெருவில் முப்பது வருஷம் டர்னராக இருந்த அண்ணன் ஒருத்தர் வந்து பார்த்துச் சிரித்தார். "தம்பி, வி பெல்ட்டுக்குப் புல்லியோட வெளி அளவை எடுத்தா எப்புடி? பெல்ட்டு பள்ளத்துக்குள்ள எங்க இழுக்குதோ, அங்க எடுக்கோணும்."

இந்த 'ஏ' சைஸ் வி பெல்ட்டுக்கு அது விளிம்பிலிருந்து சுமார் 3 மி.மீ. உள்ளே. ரெண்டு பக்கமும் சேர்த்து ஆறரை என்று வைத்துக் கழித்தேன். 305-இல் ஆறரை போனால் 2 சதவீதம்தான், 76-இல் போனால் எட்டரை! இப்போது 69.5-க்கு 298.5, கணக்கு 344 வந்தது. மீட்டரோடு 2 சுற்றுதான் வித்தியாசம். டைட் செய்ததையெல்லாம் தளர்த்திவிட்டேன்.

கவுண்டர் ஷாஃப்டிலிருந்து, ராடைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலுக்குப் போகும் பிளாட் பெல்ட்டில் இதற்கு நேர்மாறு. அது புல்லியின் மேலே உட்காருவதால் பெல்ட் கனத்தை அளவோடு கூட்ட வேண்டும். கோன் படிகள் 200, 155, 110. பெல்ட் கனம் 5 மி.மீ. ஆக வேகமான படியில் 205-க்கு 115, ஸ்பிண்டில் 610 வரவேண்டும். வந்தது 601. அந்த ஒன்பதுதான் உண்மையான வழுக்கல். மற்ற படிகளில் 337, 189.

பேக் கியரில் பல் எண்ணினேன், சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டுக்கொண்டு. 24-க்கு 62, 22-க்கு 64. ரெண்டு ஜோடியின் கூட்டுத்தொகையும் 86, அதனால் எண்ணியது சரி. மொத்தத்தில் ஏழரை மடங்கு குறைகிறது. 80, 45, 25. கடைசியை மட்டும் மீட்டர் இல்லாமல், ராடைப் பிடிக்கும் சக்கில் கோடு போட்டு ஒரு நிமிஷம் எண்ணினேன். இருபத்தைந்தேதான். (கியரைப் போடும்போது கோன் புல்லியை ஸ்பிண்டிலோடு இணைக்கும் லாக் பின்னை எடுக்க மறந்தால் ஸ்பிண்டில் பூட்டிக்கொள்ளும், பெல்ட் கத்தும். கேட்டிருக்கிறேன்.)

நீலமான ராடுக்கு வருவோம். 601-இல் 40 மி.மீ. என்றால் ராடின் மேல்பரப்பு டூலைத் தாண்டி நிமிஷத்துக்கு 75 மீட்டர் ஓடுகிறது. ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு எம்.எஸ்.ஸில் 25, 30 மீட்டர் போதும். 189-இல் ஓட்டியிருந்தால் 24.

மோட்டார் புல்லியும் சின்னதுதான். ஏ பெல்ட்டுக்கு 75-க்குக் கீழே போகக்கூடாது என்பார்கள், இங்கே 69.5. பெல்ட்டின் உள்பக்கம் வெடித்திருப்பது அதனால்தான் போல. மூன்றரை இன்ச் புல்லி வாங்கிவிட்டேன். மேல் ஸ்பீடு 715 பக்கம் போகும். அதற்கு மேல் ஸ்பிண்டிலைத் தாங்கும் இந்த கன்மெட்டல் புஷ்ஷை நம்பி ஏற்ற மாட்டேன்.

புதுப் புல்லியில் ஓட்டை 18 மி.மீ., ஷாஃப்ட் 24. பழைய புல்லியைக் கழற்றுவதற்கு முன்னால், இதே லேத்தில், 189-இல் போர் செய்து ஓட்டையைப் பெரிசாக்கியாக வேண்டும். கழற்றிவிட்டு ஞாபகம் வந்திருந்தால் அண்ணன் இன்னொரு முறை சிரித்திருப்பார். கீ உட்காரும் பள்ளமான கீவேக்கு மட்டும் ஸ்லாட்டிங் கடைக்குப் போகணும்.